அமர்ந்தாள் ஏரி

ஏரிகளுக்குக் கால் இருந்த காலம் அது. பறவைகள் பேசின, ஆடுகள் பேசின. மனிதர்கள் பேசியதையும் அவை பொறுமையாகக் கேட்டுக்கொண்டன.

சிறு குன்றுகளான கரடுகள் சூழ்ந்த அந்தச் சீமையில் ஒரே ஓர் ஏரிதான் இருந்தாள். எல்லோரும் அவளை அம்மா என்றார்கள். ஓரிடத்தில் ஏழெட்டு வருடம் இருப்பாள். பிறகு ஒருநாள் கரையோரமெல்லாம் சிலிர்க்கும். அதிலிருந்து மூன்றாம் நாள் காலை, சூரியன் ஒரு பனை உயரம் வந்ததும், புடவைக் கொசுவத்தை அள்ளிப் பிடிப்பதுபோலத் தன் ஓரங்களை அள்ளிக்கொண்டு எழுந்து நடப்பாள். மீன்களும் ஆமைகளும் அவள் மடியில் இருக்கும். நாரைகள் மேலே வட்டமிட்டுக்கொண்டு போகும். கரையில் இருந்த மனிதர்கள் குடிசைகளைப் பிரித்துத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் போவார்கள்.

போகாமல் இருக்க முடியாது. அந்தச் சீமையில் இருந்த தண்ணீரெல்லாம் அவள்தான். அவள் எழுந்தால் பானையில் மொண்டு வைத்ததும், குட்டையில் தேங்கியதும், மாட்டுத் தொட்டியின் அடியில் மிச்சமிருந்ததும்கூட எழுந்து அவளோடு போய்விடும். வெறும் பானைகளைத் தூக்கிக்கொண்டு நடப்பது சுலபமாக இருக்கிறது என்று பெண்கள் சொல்வார்கள்.

அவள் போகப்போகிற இடம் யாருக்கும் தெரியாது. அதுதான் கொண்டாட்டமே. போன முறை இலுப்பைத் தோப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதற்கு முந்தைய முறை செம்மண் காட்டில். பிள்ளைகளுக்கு வயது சொல்லும்போதுகூட 'இவன் இலுப்பையில் பிறந்தவன், அவள் செம்மண்ணில் பிறந்தவள்' என்றுதான் சொன்னார்கள்.

ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. கிளம்புகிறவரைப் பார்த்து எங்கே என்று கேட்கக் கூடாது. கேட்டுவிட்டால், கிளம்பியவர் அப்படியே உட்கார வேண்டும். ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும், கையில் தண்ணீர் இருந்தால் அதையேதான் குடிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் எழுந்து போகலாம். மனிதர்களுக்கு இது அடிக்கடி நடந்தது. ஏரியைப் பார்த்துக் கேட்டால் என்ன ஆகும் என்று யாரும் கண்டதில்லை. காண ஆசைப்பட்டதும் இல்லை. அதனால் கரை சிலிர்த்த நிமிடத்திலிருந்து அவள் நடந்து முடிக்கும்வரை 'எங்கே' என்ற சொல்லையே யாரும் உச்சரிக்கக் கூடாது என்று வைத்திருந்தார்கள்.

அந்தக் கட்டுப்பாட்டைக் காத்தவன் வேடியப்பன். அவன் முன்னடியான். ஏரிக்கு முன்னால் நடந்து முள்ளையும் கல்லையும் ஒதுக்கிக் கொடுக்கிற வேலை அவனுடையது. ஏழெட்டு வருடத்துக்கு ஒருமுறைதான் வேலை என்பதால் மிச்ச நாட்களில் கட்டுப்பாட்டைக் காத்தான்.

அந்த வருடம் சித்திரை பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. நாரை ஒன்று வடகரையிலிருந்து தென்கரைக்குத் தாழப் பறந்து வந்தது. ஊரில் எதுவானாலும் முதலில் சொல்லாவிட்டால் அதற்குச் சோறு இறங்காது.

"சிலிர்த்துட்டா. நானே பார்த்தேன். கோரையெல்லாம் தானா ஆடுச்சி. காத்து இல்ல, ஒண்ணும் இல்ல."

அரை நாழிகையில் கரை முழுக்கத் தெரிந்துவிட்டது. ஆடுகள் இருந்த இடத்திலேயே குதித்தன. வேடியப்பன் எட்டு வருடமாகப் பரணில் கிடந்த தம்பட்டத்தை எடுத்துத் தோலை வெயிலில் காட்டினான். அவன் மனைவி பூங்காவனம் கோழிகளைப் பிடித்துக் காலைக் கட்டினாள். அம்மிக் கல்லை எடுத்துப் போவதா விட்டுவிட்டுப் போவதா என்று இருவருக்கும் சண்டை வந்தது.

"போற எடத்துல கல்லே இருக்காதா? மலையெல்லாம் கல்லுதான்" என்றான் வேடியப்பன்.

"கல்லு இருக்கும். எங்கம்மா கொத்தி வெச்ச கல்லு இருக்குமா? நீ தூக்க வேணாம், நான் தூக்கறேன். நீ உன் தம்பட்டத்தைத் தூக்கு."

சொல்லைத் தடை செய்ததால் பேச்சு கோணல்மாணலாகப் போயிற்று. கொடுவாளைத் தொலைத்த ஒருவன், "என் கொடுவாள் கெடக்கற எடம் யாராச்சும் கண்டீங்களா" என்று தெருத்தெருவாகக் கேட்டான். ஒருத்தி தன் மகளைத் தேடிக்கொண்டு, "இந்தப் பொண்ணு நிக்கற எடத்தைக் காட்டுங்க சாமி" என்று கரையெல்லாம் அலைந்தாள். மகளும் அவளைத் தேடிக்கொண்டு பின்னாலேயே அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். எல்லோரும் சிரித்தார்கள். கிழக்கே போவாள் என்றார்கள் சிலர். மலைமேல் ஏறுவாள் என்றன ஆடுகள். மூன்று நாளும் யாரும் சரியாகத் தூங்கவில்லை.

கல்குருவி மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

அப்போது அந்தப் பறவைக்கு அதுதான் பெயர். மஞ்சள் கால், கண்ணுக்கு முன்னால் ஒரு துளி சிவப்பு. அந்தச் சிவப்பால் இவளைச் செவத்தி என்று கூப்பிட்டார்கள். கல்குருவிகள் கூடு கட்டுவதில்லை. சரளைக் கற்களுக்கு நடுவில் முட்டையிட்டுவிட்டு, தானும் ஒரு கல்போல வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும். முட்டைக்கு அதுதான் பாதுகாப்பு. கரையில் அதிகம் பேசாத உயிர் எது என்றால் எல்லோரும் அதைத்தான் காட்டுவார்கள்.

செவத்தியின் முதல் முட்டைகளை ஓர் ஆடு மிதித்துவிட்டது. இவை இரண்டாம் முறை இட்டவை. நான்கு. பதினாறு நாள் அடைகாத்தாயிற்று, இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. சித்திரை வெயிலில் சரளை கொதித்தது. அவளும் அவள் புருஷனும் மாறி மாறி ஏரிக்குப் போய் வயிற்று இறகை நனைத்து வந்து முட்டைகளின் மேல் உட்கார்ந்தார்கள். ஒரு பகல் ஈரம் இல்லாவிட்டால் முட்டைகள் உள்ளேயே வெந்துவிடும்.

புருஷன் நனைந்த வயிற்றோடு ஓடி வந்தான்.

"கேட்டியா? நாளன்னிக்கி காலைல."

"கேட்டேன்."

"இன்னா பண்றது?"

அவள் ஒரு முட்டையை அலகால் திருப்பி வைத்தாள்.

"வேற முட்டை போட்டுக்கலாம் செவத்தி. போற எடத்துல."

"ஏற்கெனவே ஒருதரம் வேற முட்டை போட்டாச்சி" என்றாள். "இதுதான் அந்த வேற முட்டை."

அவனை உட்காரவைத்துவிட்டு அவள் முதல்முறையாக அயலாரிடம் பேசக் கிளம்பினாள். நாரையிடம் போனாள். நாரை, "பன்னெண்டு நாளா? அம்மாவையா நிக்கச் சொல்றது?" என்று சொல்லிவிட்டு அதையும் ஒரு செய்தியாக எடுத்துக்கொண்டு பறந்தது. வேடியப்பனிடம் போனாள். அவன் தம்பட்டத்திலிருந்து கையை எடுக்காமல் சொன்னான்.

"நான் முன்னால நடக்கறவன். நிறுத்தறவன் இல்ல. போ, போயி உன் வூட்டுக்காரனோட மூட்டையைக் கட்டு."

"எனக்கு மூட்டை இல்லண்ணா. முட்டைதான்."

பூங்காவனத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவளே நடந்து வந்து சரளையில் குனிந்து பார்த்தாள். கண்ணுக்கு நேராக இருந்தும் முட்டைகளைக் கண்டுபிடிக்க அவளுக்குச் சற்று நேரம் ஆயிற்று.

"தவுட்டுல வெச்சி எடுத்துனு வரட்டுமா?"

"எத்தினி நாள் நடையோ யக்கா. குலுங்கினா உள்ள கலங்கிடும்."

"ஒரு சட்டி தண்ணி வெச்சிட்டுப் போறேன்னு சொல்லலாம்" என்று தொடங்கிய பூங்காவனம் நிறுத்திக்கொண்டாள். சட்டித் தண்ணீரும் கூடவே போய்விடும் என்பது அவளுக்கே நினைவு வந்துவிட்டது. "அம்மாகிட்டயே கேளு. நமக்குன்னு கேக்க வேற யாரு?"

செவத்தி ஏரியின் விளிம்பில் போய் நின்றாள்.

"அம்மா, பன்னெண்டு நாள்."

ஒரு சின்ன அலை வந்து அவள் காலைத் தொட்டது. பிறகு கோரைகளுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது.

"உன் முட்டை எனக்குத் தெரியும். தெனம் என்னைத்தான் வயித்துல தடவிக்கினு போற. ஆனா உக்காந்தே இருந்தா எனக்குப் பாசி புடிக்குதுடி. அடி மரத்துப் போவுது. இந்த எடத்தைப் பார்த்துப் பார்த்துக் கண்ணு பூத்துடுச்சி. கெளம்பணும்னு உடம்பு சாஞ்சிட்டா, தண்ணியைத் தண்ணியாலயே நிறுத்த முடியாது."

அதில் கோபம் இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடச் செவத்தி இன்னொரு முறை கேட்டிருப்பாள். திரும்பி வந்து முட்டைகளின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

மூன்றாம் நாள் காலை எல்லோரும் வரிசையில் நின்றார்கள். தலையில் கூரைக்கழிகள், இடுப்பில் பிள்ளைகள், கையில் தலைகீழாகக் கோழிகள். பூங்காவனத்தின் தலையில் அம்மிக் கல். சூரியன் பனை உயரம் வந்தது. வேடியப்பன் தம்பட்டத்தை அடித்தான். ஆடுகள் பேசுவதை நிறுத்தின. ஏரி தன் ஓரங்களை அள்ளினாள். கோரைகள் பின்வாங்கின. எட்டு வருடமாக யாரும் பார்க்காத சேற்றுத்தரை வட்டமாகத் தெரிந்தது, அதில் ஓர் உடைந்த ஓடம் கிடந்தது. தண்ணீர் உயர்ந்து, உயர்ந்து, பனை மரங்களுக்குச் சமமாக நின்றது. உள்ளே மீன்கள் வெயிலில் பளபளவென்று திரும்பின. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு உடம்பெல்லாம் கூசியது. பூங்காவனத்துக்குக்கூட அம்மியின் கனம் மறந்துபோயிற்று.

அவள் முதல் காலை எடுத்து வைத்தாள். நிலம் அதிர்ந்தது. செவத்தியின் வயிற்றுக்கடியில் முட்டைகள் ஒன்றோடொன்று மெல்ல இடித்துக்கொண்டன. அவள் வயிற்று இறகில் இருந்த ஈரம் கிளம்பி, நூலிழையாகப் பறந்து, ஏரியோடு போய்ச் சேர்ந்தது.

செவத்தி எழுந்து நின்றாள்.

"எங்கே?" என்றாள்.

யாரும் எதுவும் பேசாத நேரம். அதனால் எல்லோருக்கும் கேட்டது.

"எங்கே போற? எங்கே போற?"

தெரிந்து கேட்டாளா தெரியாமல் கேட்டாளா என்று அந்தக் கரையில் வெகுநாள் பேசிக்கொண்டார்கள். தெரிந்துதான் கேட்டாள்.

ஏரி தூக்கிய இரண்டாவது காலை வைக்காமல் நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். அவ்வளவு தண்ணீரும் ஒரே சமயத்தில் உட்கார்ந்தது. எழுந்த அலையில் கூரைக்கழிகளும் கோழிகளும் மனிதர்களும் இருநூறு அடி பின்னால் போய் விழுந்தார்கள். தம்பட்டம் ஒரு வேலமரத்தில் போய்த் தொங்கியது. செவத்தி முட்டைகளின் மேல் இறகை விரித்து, சரளையைக் காலால் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். தண்ணீர் அவளுக்கு இரண்டு அடி முன்னால் வந்து நின்றது.

வேடியப்பன் வாயிலிருந்த சேற்றைத் துப்பினான். "யார்டா அது? எவன் கேட்டது?"

"எவன் இல்ல, எவள்" என்றது நாரை. அதற்கு இதுபோல ஒரு செய்தி அதுவரை கிடைத்ததில்லை.

எல்லோரும் செவத்தியைச் சுற்றிக் கூடினார்கள். அவளை அடித்திருப்பார்கள். ஆனால் அதற்குள் ஏரி பேசினாள்.

"வுடுங்க. கேட்டாச்சி. உக்காந்தாச்சி. ஒரு வாய் தண்ணி குடுங்க, குடிச்சிட்டுக் கெளம்பறேன்."

இது சுலபமாகத்தான் தோன்றியது. வேடியப்பன் ஓடிப்போய் ஒரு சட்டியில் மொண்டு நீட்டினான்.

"இது நான்டா" என்றாள் ஏரி. "என்னை எனக்கே குடுக்கற. வேற தண்ணி குடு."

வேறு தண்ணீர். ஒருவரிடமிருந்து ஒருவருக்கு அந்தச் சொல் போயிற்று. பிறகு ஓடினார்கள். ஒருவன் பனையேறி நுங்கு கொண்டுவந்தான். அந்தப் பனையின் வேர் என்னிடம்தான் குடித்தது என்றாள். பசுவின் பாலைக் கறந்து வந்தார்கள். பசுவும் என்னிடம்தான் குடித்தது. பூங்காவனம் தன் நெற்றி வியர்வையை வழித்துக் காட்டினாள். "அதுவும்தான். காலைல ரெண்டு சொம்பு குடிச்சியே." நாரை மேலே பறந்து போய் ஒரு மேகத்திடம் கேட்டுவிட்டு வந்தது.

"இன்னா சொல்லுச்சி?"

"அது எடுத்ததே இங்கதானாம். நம்மகிட்ட வாங்கினதை நமக்கே தெளிக்குதாம்."

நடுப்பகல் ஆயிற்று. தன்னுடையது அல்லாத ஒரு வாய் தண்ணீர் அந்தச் சீமையில் இல்லை என்பது ஏரிக்கே அன்றுதான் தெரிந்தது. அவள் உட்கார்ந்தபடியே இருந்தாள். செவத்தி மெல்ல எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல், விளிம்புக்குப் போய் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்தாள்.

மேற்கு மலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஏரி இருப்பதாக நாரை சொன்னது. அம்மாவின் தங்கை. போக ஐந்து நாள், வர ஐந்து நாள். வேடியப்பன் உடனே இரண்டு சுரைக்குடுக்கைகளை எடுத்துக்கொண்டான். வழியில் தான் குடிப்பதற்குப் பெரியது. அம்மாவுக்குச் சின்னது, ஏழெட்டு வாய் கொள்ளும்.

அவன் முதல் அடி வைத்ததும் சரளையிலிருந்து குரல் வந்தது. "எங்கே போற?"

வேடியப்பன் நின்றான். முன்னடியான் கட்டுப்பாட்டை மீற முடியாது. உட்கார்ந்தான். பெரிய குடுக்கையிலிருந்து ஒரு வாய் குடித்தான். எழுந்தான்.

"கேட்டுக்கோ. இன்னும் நாலு தரம் கேட்டுக்கோ. எனக்குத் தண்ணிக்கா பஞ்சம்? ஏரியே பக்கத்துல குந்தியிருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

செவத்தி அவன் கரட்டைத் தாண்டி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூட்டைகள் கட்டியபடியே கிடந்தன. இரண்டு நாள் மூட்டைமேல் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மூன்றாம் நாள் பூங்காவனம் கோழிகளின் கட்டை அவிழ்த்தாள். ஐந்தாம் நாள் வெயில் தாங்காமல் ஒரு கூரையைப் போட்டார்கள். ஒன்பதாம் நாள் அவள் அம்மிக் கல்லைத் தரையில் வைத்து மிளகாய் அரைத்தாள். ஆனால் எல்லோரும் மேற்கே பார்த்துக்கொண்டேதான் எல்லாவற்றையும் செய்தார்கள். நாரை நாளுக்கு இரண்டு முறை பறந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, எவ்வளவு தூரம் வந்துவிட்டான் என்று சொன்னது.

பத்தாம் நாள் விடிந்தபோது மூன்று குஞ்சுகள் வெளியே இருந்தன. பஞ்சும் புள்ளியுமாக, கல்லோடு கல்லாக. நான்காவது முட்டையில் ஒரு கீறல் மட்டும் விழுந்திருந்தது.

"கரட்டுல எறங்கறான்" என்று கத்திக்கொண்டே வந்தது நாரை. "பெரிய குடுக்கை காலி. சின்னது இருக்குது. மெழுகு வெச்சி அடைச்சிருக்கான். ஒரு சொட்டு குறையல."

ஊரே எழுந்து மேற்குக் கரைக்கு ஓடியது. மூட்டைகள் மறுபடி தலைக்கு ஏறின. ஏரியின் ஓரங்கள் சிலிர்த்தன. செவத்தி முட்டையைப் பார்த்தாள், கரட்டைப் பார்த்தாள். இப்போது தண்ணீர் போனால், உள்ளே இருப்பது வெளியே வராது. வந்த மூன்றும் சாயங்காலத்தைத் தாண்டாது.

அவள் பறந்தாள்.

வேடியப்பன் உதடெல்லாம் வெடித்து, கால்களை இழுத்து இழுத்து நடந்து வந்தான். முகத்தில் மட்டும் சிரிப்பு இருந்தது. குடுக்கையை இரண்டு கையாலும் மார்போடு அணைத்திருந்தான். மூன்று நாளாக அவன் தொண்டையில் தண்ணீர் படவில்லை. தலைக்கு மேல் நிழல் ஒன்று கடந்தது.

"எங்கே போற?"

அவன் நின்றான். சிரிப்பு போய்விட்டது.

"நான் போவல. வரேன். கெளம்பினவனைத்தான் கேக்கணும்."

கரையிலிருந்து பூங்காவனத்தின் குரல் வந்தது. அவள் கூட்டத்தோடு ஓடியிருக்கவில்லை. சரளையில், வெயில் முட்டைமேல் படாமல் தன் நிழல் விழும்படி நின்றுகொண்டிருந்தாள்.

"வந்து சேர்ற வரைக்கும் கெளம்பினவன்தான்யா. நீதான் எல்லாருக்கும் சொல்லுவ. குந்து."

"நீ யாருக்குப் பொண்டாட்டி?"

"உனக்குத்தான். அதனாலதான் உன் பேச்சையே உனக்குச் சொல்றேன்."

வேடியப்பன் உட்கார்ந்தான். "யாராச்சும் ஏரித் தண்ணி ஒரு வாய் எடுத்தாங்க" என்றான். ஒருவரும் அசையவில்லை. கையில் தண்ணீர் வைத்திருப்பவன் அடுத்தவரிடம் கேட்கக் கூடாது என்பதும் அவன் காத்த அந்தக் கட்டுப்பாட்டிலேயே அடங்கும். அவன் மெழுகைப் பல்லால் கடித்து எடுத்தான். ஒரு வாய் குடித்தான். மூன்று நாள் தாகத்துக்கு அது எப்படி இருந்தது என்பதை அவன் கண்கள் மூடிய விதத்திலேயே எல்லோரும் பார்த்தார்கள்.

எழுந்தான். பத்தடி நடந்தான்.

"எங்கே போற?"

உட்கார்ந்தான். குடித்தான். எழுந்து இந்த முறை ஓடினான். செவத்தி அவனைவிட வேகமாக முன்னால் வந்து இறங்கினாள். எங்கே போற. உட்கார்ந்தான். ஆடுகள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டன. ஓடு என்று பாதி கத்தின, கேளு என்று மீதி கத்தின. மூட்டைகளை இறக்கிவைத்துவிட்டு ஆட்கள் அவனுக்கு இரண்டு பக்கமும் கூடவே ஓடினார்கள். யார் எந்தக் கட்சி என்று அவர்களுக்கே தெரியவில்லை. அவன் காதைப் பொத்தினான். பொத்தினால் குடுக்கை விழுந்துவிடும் என்று எடுத்தான். "கேக்காதடி" என்று கெஞ்சினான். அவள் கேட்டாள். ஏரி இதையெல்லாம் கரை மட்டத்துக்குத் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீருக்கு நான்கு அடி இருந்தது. குடுக்கையை ஆட்டிப் பார்த்தான். ஒரு வாய். அம்மாவுக்கு ஒரு வாய் போதும்.

செவத்தி அவன் முன்னால் இறங்கி வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. வாழ்நாள் முழுக்கப் பேசாமல் இருந்த தொண்டை அது. மறுபடி திறந்தாள். காற்று மட்டும் வந்தது.

வேடியப்பன் அவளைப் பார்த்தான். காலைத் தூக்கினான்.

"எங்கே?"

குரல் பின்னாலிருந்து வந்தது. மெலிந்த குரல், பழக்கமில்லாத குரல். செவத்தியின் புருஷன் மூன்று குஞ்சுகளையும் விட்டுவிட்டு ஓடிவந்து, ஒரு காலைத் தூக்கியபடி நின்றுகொண்டிருந்தான்.

"எங்கே போற?" என்று மறுபடியும் கேட்டான். கேட்டுவிட்டுப் பயந்துபோய் மனைவியைப் பார்த்தான்.

வேடியப்பன் தூக்கிய காலை மெல்லக் கீழே வைத்தான். பிறகு தண்ணீருக்கு நான்கு அடி தூரத்தில் உட்கார்ந்தான். குடுக்கையைக் கவிழ்த்துக் கடைசி வாயைக் குடித்தான். அதன் பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் வெறும் குடுக்கையை மடியில் வைத்துக்கொண்டான்.

சரளையிலிருந்து பூங்காவனம் சொன்னாள்: "வந்துடுச்சி. நாலாவது. தலை மேல ஓட்டோட நிக்குது."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், வேடியப்பனைத் தவிர.

"இன்னொரு தரம் போறேன் அம்மா" என்றான் அவன். "காதுல மெழுகு வெச்சினு வரேன்."

ஏரி செவத்தியைக் கேட்டாள். "மறுபடி கேப்பியா?"

செவத்திக்கு இன்னும் குரல் வரவில்லை. புருஷன் பதில் சொன்னான். "கேப்போம் அம்மா. குஞ்சுக்குச் சேறு வேணும். வர்ற சித்திரைக்கும் முட்டை போடுவோம். அதுக்கடுத்த சித்திரைக்கும்."

மேற்கிலிருந்து ஒரு காற்று வந்து ஏரியின்மேல் கடந்து போயிற்று. அவள் கூடப்போகவில்லை. அவளுடைய ஓரங்கள் மெல்லத் தாழ்ந்து, கோரைகளின் வேரில் போய்ப் படிந்தன.

"போவ வேணாம், வுடு" என்றாள் வேடியப்பனிடம். "கிட்ட வந்து குந்து. தங்கச்சியைப் பார்த்தியே, எப்படி இருக்கா?"

அவன் முதலில் முகம் கொடுக்கவில்லை. அவள் மறுபடி கேட்டாள். மெல்லச் சொல்லத் தொடங்கினான். தங்கை மலை மடியில் இருக்கிறாள், தண்ணீர் கருநீலம், கரையில் மூங்கில். அவள் கரைக்காரர்கள் மீனை மூங்கில் குழாயில் வேகவைக்கிறார்கள். வழியில் ஒரு பாறை, யானை படுத்த மாதிரி. இன்னொரு இடத்தில் மண் மஞ்சளாக இருந்தது. சொல்லச் சொல்ல அவன் குரல் மாறியது. கையை நீட்டி நீட்டிக் காட்டினான். ஏரி ஓர் அலைகூட எழுப்பாமல் கேட்டாள். அந்த மஞ்சள் மண்ணைப் பற்றி இரண்டு முறை கேட்டாள். ஆடுகளும் வந்து படுத்துக்கொண்டு கேட்டன. வெயில் இறங்கியது.

"இனிமே எனக்கு நடை இல்ல" என்று கடைசியில் சொன்னாள். "போறவங்க வந்து, எம்பக்கத்துல கொஞ்சம் குந்தி, போற எடத்தைச் சொல்லிட்டுப் போங்க."

செவத்தியின் தொண்டை ஒரு வாரத்தில் சரியாயிற்று. ஆனால் பழைய மௌனம் அவளுக்குத் திரும்பவில்லை. அவள் பிள்ளைகளும் பேசாமல் இருக்கக் கற்கவில்லை. ஆள் நடந்தால் காட்டிக்கொடுப்பதால் கல்குருவி என்ற பெயர் போய் ஆள்காட்டி என்ற பெயர் வந்தது. ஏரிக்கும் அமர்ந்தாள் என்ற பெயர் வந்தது. இன்றைக்கும் அமர்ந்தாள் ஏரிக்குப் போகிறவர்கள் வெளித்தண்ணீரைக் கரைக்குக் கொண்டுபோவதில்லை. கரட்டடியில் ஒரு கல் இருக்கிறது. குடமோ பாட்டிலோ, கையில் இருக்கும் தண்ணீரை அதன்மேல் ஊற்றிவிட்டுத்தான் இறங்குவார்கள். அந்தக் கரையில் ஆள்காட்டியின் முட்டையை யாரும் தொடுவதில்லை.

அந்தச் சித்திரை வெயிலில் தொடங்கியதுதான், ஆள் எழுந்து ஓரடி வைத்தாலே ஆள்காட்டி தலைக்கு மேல் வந்து எங்கே போற, எங்கே போற என்று கேட்பதும், ஊரை விட்டுக் கிளம்புகிறவர் அதைக் கேட்டு ஏரியோரம் உட்கார்ந்து, ஒரு வாய் அள்ளிக் குடித்து, மற்ற யாருக்கும் சொல்லாத இடத்தைத் தண்ணீருக்கு மட்டும் குனிந்து சொல்லிவிட்டு எழுந்து போவதும்.